ஒலிப்பதிவில் கௌசியின் பெயர்

ஜூலை 14, திங்கள்

புகைமூட்டம். சன்னலிலிருந்து பாலம் தெரியவில்லை. பள்ளிச் சபைகூடல் வகுப்பறையிலேயே.

இன்றிலிருந்து ஒலிப்பதிவு முடியும்வரை நடப்பதை உள்ளது உள்ளபடி எழுதுவேன். எனக்கு நல்ல பெயர் வாங்கித் தருவதை மட்டும் எழுதுவதில்லை. கட்டுரைப் போட்டிக்குச் செய்வதுபோல் அழகுபடுத்துவதில்லை. இதை யாரும் படிக்கப்போவதில்லை, பொய்க்கு என்ன வேலை.

செய்தி: கோலாலம்பூரில் நடக்கும் புத்தக வலையொலி (பாட்காஸ்ட்) ஒன்றுக்கு நான் விருந்தினர்! தயாரிப்பாளர் மலர் அக்கா மதியம் வாட்ஸ்அப் புலனத்தில் எழுதியிருந்தார். சனிக்கிழமை மாலை பதிவு. அங்கே போக வேண்டாம், வீட்டிலிருந்தே பேசலாம். கேள்வி கேட்பவர் ரவின் அண்ணன். நான் நான்காம் படிவ மாணவி என்று தெரிந்தும் 'நீங்க' போட்டிருந்தார்கள். நான்கு தடவை படித்தேன்.

எங்கள் இன்ஸ்டாகிராம் படவரிப் பக்கத்தைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு புத்தகம், ஒரு நிமிடப் பேச்சு. 'எங்கள்' என்பது சரிதான். எழுதுவது கௌசல்யா, பேசுவது நான். இரண்டாம் படிவத்திலிருந்து இப்படித்தான். கௌசிக்குத் திக்கும். திக்குவாய்க்கு மலாயில் ககாப். பையன்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயரும் அதுதான்.

அவள் வீடு எதிர் புளோக்கில், எங்களைப் போலவே ஏழாம் மாடி. இரண்டு சமையலறையும் நேருக்கு நேர். தொலைபேசியில் அவளால் பேச முடியாது, சொந்தக் கைத்தொலைபேசியும் கிடையாது. ஆரம்பப் பள்ளியிலிருந்தே சமையலறை விளக்குதான் எங்களுக்கு. இரண்டு தடவை அணைத்துப் போட்டால் 'கீழே வா'.

ஆறரைக்கு அணைத்துப் போட்டேன். வந்தாள். தலையில் எண்ணெய், கையில் பாதி கடித்த கறிபாப். மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்று சொன்னேன்.

"நா... நான் ஒருத்தி இருக்கேன்னு அவங்களுக்குத் தெ... தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லுவியா?"

"கண்டிப்பா சொல்வேன் லா."

கறிபாப்பைத் தின்று முடித்தாள். எண்ணெய்க் கையைச் சுவரில் துடைத்தாள்.

"நீ கு... குரல். நான் மூளை. அவங்க குரலத்தான் கூப்புட்டுருக்காங்க. ப... பரவால்ல. என் பேர மட்டும் ஒரு தடவ சொல்லு. போதும்."

கேலியாகத்தான் தொடங்கினாள். கடைசி வாக்கியத்தில் கேலி இல்லை. அதில் அவளுக்குத் திக்கவும் இல்லை, கவனித்தேன்.


ஜூலை 15, செவ்வாய்

மறுபடி புகை. தொண்டை கரகர. அம்மா இஞ்சித் தண்ணீர் வைத்துக் கொடுத்தார். சனி வரை ஐஸ் கிடையாதாம்.

மலர் அக்கா அனுப்பியவை:

அழைப்பு மடிக்கணினியில். (மாமாவிடம் இரவல்.)

கைத்தொலைபேசியைப் பக்கத்தில் வைத்து என் குரலை மட்டும் தனியாகப் பதிய வேண்டும். இணையம் இழுத்தாலும் அந்தப் பதிவு சுத்தமாக இருக்குமாம். பிறகு அவர்கள் பக்கத்தோடு ஒட்டிக்கொள்வார்கள்.

இரண்டையும் பொருத்துவதற்குத் தொடக்கத்தில் ஒரு கைத்தட்டு.

பதிவை நடுவில் நிறுத்தக் கூடாது. முடிந்ததும் வெட்டாமல் முழுசாக அனுப்ப வேண்டும்.

மின்விசிறி, ஏர்கோன் கூடாது.

எங்கள் வீட்டுச் சத்தங்கள்: குளிர்பதனப் பெட்டி. மின்தூக்கி. மேல்மாடி ஆன்ட்டி சம்பல் இடிப்பது. பக்கத்து வீட்டு மெர்போக் புறா, அதைப் பந்தயத்துக்கு வளர்க்கிறார்கள், கூவக் கூவத்தான் விலை, வாயை மூடச் சொல்ல முடியாது. நாலே முக்காலுக்குப் பள்ளிவாசல் பாங்கு, ஆகவே ஐந்து மணிக்கு மாற்றித் தரக் கேட்டேன், சரி என்றார்கள். அப்பா சனிக்கிழமை ஈப்போவுக்குப் பேருந்து ஓட்டுகிறார், அவர் சத்தத்தைப் பற்றிக் கவலை இல்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் ரவின் அண்ணனே கூப்பிட்டார், சும்மா அறிமுகத்துக்கு. வானொலிக் குரல்.

"அந்த அப்பா கதையப் பத்தி பேசுனீங்களே, அருமை தெரியுமா? கத முழுக்க அந்த அப்பா மகளப் பேர் சொல்லிக் கூப்புடவே இல்லன்னு ஒன்னு சொன்னீங்க. நான் ரெண்டு தடவ படிச்சிருக்கேன், எனக்கு அது படவே இல்ல."

நன்றி அண்ணே என்றேன். அதைக் கண்டுபிடித்தவள் கௌசி. அதை எழுதி என்னிடம் கொடுத்தபோது எனக்கே புரியவில்லை, திருப்பிப் படித்துத்தான் புரிந்தது.

பிறகு சொன்னார்: ஆண்டுக் கடைசியில் கேமரன் மலையில் இளம் எழுத்தாளர்களுக்கு ஒரு முகாம். வடக்கிலிருந்து ஓர் ஆள் தேடுகிறார்கள். "உங்கள மாதிரி எழுதற ஆளு."

அப்போதே சொல்லியிருக்கலாம். சனிக்கிழமை பதிவில் சொல்வதுதான் முறை என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவிடம் முகாமைச் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"கௌசிய ரூம்புல உக்கார வைக்கப் போறியா?"

"ஆமாம்மா. பதில் மறந்துட்டா எழுதிக் காட்டுவா."

"எழுதிக் காட்டட்டும். வாயத் தொறக்காமப் பாத்துக்க. பாவந்தான் அந்தப் புள்ள. பாவம் பாத்துக்கிட்டிருந்தா நம்ம வேல நடக்குமா?"


ஜூலை 16, புதன்

மழை, பலத்த மழை. புகை கரைந்து பாலம் திரும்ப வந்தது.

ஒத்திகை. அம்மாவின் அறையில் மெத்தையைத் தூக்கிச் சன்னலுக்குச் சாத்தினோம். அலமாரிக் கதவில் கம்பளி. கௌசி பழைய நாட்காட்டித் தாள்களைக் கிழித்துக் கொண்டுவந்தாள், நகைக்கடையில் கொடுக்கும் பெரிய மாதத்தாள். பின்பக்கம் வெள்ளை. அதில் தடித்த மார்க்கரில் குறிப்பு எழுதித் தூக்கிக் காட்டுவாள். முன்பக்கம் லட்சுமி, பின்பக்கம் என் பதில்.

காதொலிப்பானுக்கு ஒரே கம்பி. ஒரு காது எனக்கு, ஒரு காது அவளுக்கு. கேள்வி அவளுக்கும் கேட்க வேண்டுமே. தலை முட்டும் அளவுக்கு நெருங்கி உட்கார வேண்டியிருக்கிறது. அவள் தலையில் எப்போதும் தேங்காய் எண்ணெய் வாசம். எனக்குப் பிடிக்காது. இன்றுவரை அவளிடம் சொன்னதில்லை.

அந்த வாக்கியத்தைப் பழகினேன். "எங்கள் பேச்சை எழுதுபவர் என் தோழி கௌசல்யா."

அவள் சிரித்தாள். தாளில் எழுதினாள்: டத்தோ பட்டம் கொடுப்பதுபோல் சொல்லாதே.

மறுபடி சொன்னேன்.

எழுதினாள்: இப்போது சாவு அறிவிப்பு.

மூன்றாம் தடவை அவளே சொல்லிக் காட்ட முயன்றாள். "எ... எ... எழு..." அதற்குமேல் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது, கண் மேலே செருகியது. அந்த நேரத்தில் அவள் முகம் அழகாக இருக்காது. இதையும் எழுதுகிறேன், உள்ளது உள்ளபடி என்றுதானே சொன்னேன்.

அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அதுக்குள்ள நம்ம மேகி மீ ஆக்கிச் சாப்புட்டே முடிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மெதுவாகத்தான் சொன்னார். அவ்வளவு மெதுவாக இல்லை.

கௌசி தாளைத் திருப்பி லட்சுமியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நல்ல தாள் ஒன்றை எடுத்து அந்த வாக்கியத்தைப் பெரிதாக எழுதி வைத்தாள். கௌசல்யாவுக்கு அடியில் இரண்டு கோடு.


ஜூலை 17, வியாழன்

வெயில். காலுறை காயவில்லை, ஈரத்தோடு போனேன்.

தமிழ் ஆசிரியை வகுப்பில் அறிவித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். "தர்ஷினி நம்ம பள்ளியின் குரல். பள்ளிப் பேர மறக்காம சொல்லணும், சரியா?"

பதிவில் சொல்ல வேண்டிய பெயர்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. பள்ளி. ஆசிரியை (இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டுத் தன் முழுப்பெயரையும் நினைவூட்டினார்). அம்மா ("பெத்தவள மறந்துடாத"). மடிக்கணினி கொடுத்த மாமா. எல்லாரும் இரண்டு மூன்று தடவை ஞாபகப்படுத்திவிட்டார்கள். கௌசி திங்களன்று சொன்னதோடு சரி.

கடைசி வரிசையிலிருந்து பிரவின்: "டீச்சர், கௌசியும் பேசுறாளா? பேசுனா அவ வணக்கம் சொல்லி முடிக்கறதுக்குள்ள நம்ம அஞ்சாம் படிவம் போயிருவோம்."

வகுப்பே சிரித்தது. ஆசிரியை "ஏய், போதும்" என்றார், உதட்டைக் கடித்துக்கொண்டு. நானும் சிரித்தேன். பெரிதாக இல்லை. ஆனால் பல் தெரிந்திருக்கும்.

கௌசி பிரவினைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

இடைவேளையில் மீ கோரிங்கைப் பங்கு போடும்போது முட்டையை என் பக்கம் தள்ளினாள், வழக்கம்போல். சாப்பிட்டேன்.


ஜூலை 19, சனி

மதியம்வரை நல்ல வெயில், நாலு மணிக்கு மறுபடி புகை. எல்லாச் சன்னலும் சாத்தியாயிற்று. விசிறி இல்லை. அறை ஆவியில் வேக வைத்ததுபோல்.

அம்மா குளிர்பதனப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மேல்மாடிக்குப் போய் ஆன்ட்டியிடம் சொல்லிவிட்டு வந்தார். கௌசி பள்ளித் துணிபோல் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தாள். யாரும் அவளைப் பார்க்கப் போவதில்லை. நெற்றியில் திருநீறு.

பாங்கு முடிந்தது. ஐந்து மணி. கைத்தொலைபேசியைத் தலையணைமேல் வைத்துப் பதிவை அழுத்தினேன். கைத்தட்டினேன். மெர்போக் ஒரு தடவை கூவி நின்றது.

முதல் கேள்விகள் சுலபம். எப்போது படிக்கத் தொடங்கினேன், நூலகம், பிடித்த புத்தகம். பள்ளிப் பெயர் சொன்னேன். ஆசிரியை பெயர், அம்மா பெயர், மாமா பெயர், எல்லாம் சொல்லிவிட்டேன். கௌசி தாள் தாளாகத் தூக்கிக் காட்டினாள். நான் அதையே கொஞ்சம் மாற்றிப் பேசினேன். என் குரல் நன்றாக இருந்தது, எனக்கே தெரிந்தது.

அப்புறம் அந்த அப்பா கதை. ரவின் அண்ணன் மறுபடி புகழ்ந்தார். "பேர் சொல்லாமலே ஒரு பொண்ண வளக்கறதுன்னா என்னான்னு நீங்க ஒரு நிமிசத்துல சொல்லிட்டீங்க. இதெல்லாம் யாரு எழுதறது? நீங்களேவா, இல்ல டீச்சர் உதவி செய்றாங்களா?"

கௌசி அந்தத் தாளைத் தூக்கினாள். இரண்டு கோடு போட்ட தாள். அதன் விளிம்புக்கு மேலே அவள் கண்கள் மட்டும் தெரிந்தன. சிரித்தன.

நான் அதைப் படித்தேன். முழுவதும் படித்தேன்.

"நான்தான் எழுதுறேன் அண்ணே."

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது என்று எழுதலாம். அது பொய். செவ்வாய்க்கிழமை அவர் முகாம் என்று சொன்னதிலிருந்தே இப்படித்தான் சொல்வேன் என்று எனக்குத் தெரியும்.

தாள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. நான் பார்க்கவில்லை என்று நினைத்தாள்போல. இன்னும் கிட்டே கொண்டுவந்தாள். மூக்கில் இடிக்கும் அளவுக்கு. பிறகு கீழே வைத்தாள்.

"த... த... தர்... த..."

அவ்வளவு பக்கத்தில் அந்தச் சத்தம். ரவின் அண்ணன் காதில் விழுந்துவிடும். மடிக்கணினியில் ஒலிவாங்கியை அணைத்தேன். அணைத்துவிட்டுச் சொன்னது இது, ஒரு சொல்லும் மாற்றவில்லை:

"கௌசி, வாய மூடு. ஒரு வார்த்த ஒழுங்கா வெளிய வராது, உனக்கெல்லாம் பேரு ஒரு கேடா? ககாப்."

ஏழு வருடத்தில் நான் அந்தச் சொல்லைச் சொன்னது இதுதான் முதல் தடவை. சொல்வதற்கு மிகவும் சுலபமாக இருந்தது.

ஒலிவாங்கியைத் திறந்தேன். "மன்னிக்கணும் அண்ணே, பக்கத்து வீட்டுப் பறவை." அவர் சிரித்தார். நாங்கள் மெர்போக் புறாவைப் பற்றிப் பேசினோம்.

கௌசி எழுந்து போகவில்லை. கம்பியின் மறுமுனை அவள் காதில் அப்படியே இருந்தது. அடுத்த கேள்விக்கு அடுத்த தாளைத் தூக்கினாள். அதற்கடுத்ததற்கும்.  ஒரு கேள்விக்கு எங்களிடம் பதில் தயாராக இல்லை, அதை அப்போதே எழுதிக் காட்டினாள், கையெழுத்துகூடக் கோணாமல், நல்ல பதில். நான் படித்துச் சொன்னேன். ரவின் அண்ணன் "அடேங்கப்பா" என்றார்.

முடிந்ததும் காதிலிருந்து கழற்றிக் கம்பியைச் சுருட்டி என்னிடம் கொடுத்தாள். அம்மா மைலோ கொண்டுவந்தார். குடித்தாள். 'நல்லா பண்ணுனியா?' என்று அம்மா என்னிடம் கேட்க, அவள் தலையாட்டினாள், எனக்குப் பதிலாக.

வாசலில் செருப்பு மாட்டும்போது, "எ... எப்ப வரும்?"

"அடுத்த வாரம்."

சரி என்று போனாள்.

அந்தத் தாளை மட்டும் எடுத்துப் போயிருக்கிறாள். மற்றதெல்லாம் இங்கேயே கிடக்கிறது.


ஜூலை 20, ஞாயிறு

வானம் வெளுப்பு. காற்றே இல்லை.

பதிவுக் கோப்பை அனுப்பும் வேலை. அனுப்புமுன் கேட்டுப் பார்க்கலாம் என்று போட்டேன். என் குரல் எனக்குச் சகிக்கவில்லை, வேறு யாரோ மூக்கடைத்துப் பேசுவதுபோல். இரண்டாவது நிமிடத்திலேயே நிறுத்திவிட்டேன். வெட்டாமல் முழுசாக அனுப்பினேன், மலர் அக்கா சொன்னதுபோலவே. அம்மாவின் இணையத்தில் ஏற நேரமெடுத்தது, அம்மா நாடகம் பார்க்க முடியாமல் திட்டினார்.

ஏழு மணிக்குச் சமையலறை விளக்கை இரண்டு தடவை அணைத்துப் போட்டேன். எதிரே கௌசியின் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து உள்ளே ஏதோ சொன்னார். கௌசி வரவில்லை.

காய்ச்சலாக இருக்கும் என்று எழுத நினைத்தேன். காய்ச்சல் இல்லை.


ஜூலை 22, செவ்வாய்

தூறல். கௌசி பள்ளிக்கு வந்தாள், நேற்றும் வந்தாள். பேசுகிறாள். கணக்கில் ஒரு படி எனக்கு விட்டுப்போயிருந்தது, விரலால் காட்டினாள். முட்டையை மட்டும் தள்ளவில்லை.

மன்னிப்புக் கேட்கும் வாக்கியங்கள் மூன்று எழுதிப் பார்த்தேன். மூன்றும் நன்றாக எழுதப்பட்டிருந்தன. அதனால் கிழித்துவிட்டேன்.

ஒரு சமாதானம்: அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் யாரிடமும் சொல்லமாட்டாள், சொல்ல அவளுக்கு நேரமாகும். (இதை அடிக்கலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.)


ஜூலை 23, புதன்

புகை இல்லை. பாலத்தில் போகும் கார்கள்கூடத் தெரிந்தன.

பள்ளி விட்டு வந்து கைத்தொலைபேசியைத் திறந்தால் மலர் அக்காவின் செய்தி. முன்னோட்டம் வெளியாகிவிட்டது. "தர்ஷினி, உங்க பைல்ல ஒரு எடம் மாட்டுச்சு. நீங்க மியூட் பண்ணிட்டுத் தங்கச்சியத் திட்டுறீங்க. ரவின் சிரிச்சு சிரிச்சு முடியல. அதையே ஓப்பனிங்கா வச்சுட்டாரு."

கூடவே இணைப்பு.

அணைத்தது மடிக்கணினியில். தலையணைமேல் இருந்த கைத்தொலைபேசியை யாரும் அணைக்கவில்லை. நடுவில் நிறுத்தக் கூடாது என்றார்கள், நான் நிறுத்தவில்லை.

கேட்டேன். இசை இல்லை, வணக்கம் இல்லை. முதல் சொல்: "கௌசி." பிறகு மற்றது எல்லாம், ககாப் வரைக்கும். மிகத் தெளிவாக. பின்னணியில் அவள் "த... த..." என்பதும் விழுந்திருக்கிறது, சன்னமாக. பிறகு இசை. ரவின் அண்ணன்: "புத்தகம் படிக்கிற பொண்ணுங்களுக்குக் கோவம் வராதுன்னு யார் சொன்னா?" பிறகு என் குரல், தேன்போல்: "நான்தான் எழுதுறேன் அண்ணே."

மலர் அக்காவுக்கு எழுதினேன்: அது என் தங்கை இல்லை. எங்கள் பேச்சு எல்லாவற்றையும் எழுதுபவள் அவள்தான். தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

அனுப்பவில்லை. முகாம் நினைவு வந்தது. அழித்துவிட்டு இதை அனுப்பினேன்: "ஆமாக்கா, தங்கச்சிதான். கோவிச்சுக்குவா. எடுத்துடுங்க ப்ளீஸ்."

பதில் உடனே வந்தது. "ஐயோ, தங்கச்சிதானே, சமாதானம் பண்ணிக்கலாம் லா. நல்லா ஓடுது மா, இப்ப எடுக்க முடியாது. கௌசின்னு நாட்டுல எத்தனையோ பேரு."

கொஞ்ச நேரத்தில் அதே இணைப்பு வகுப்புப் புலனக் குழுவில். போட்டவர் தமிழ் ஆசிரியை. தான் கேட்டுப் பார்க்காமலேயே போட்டிருக்கிறார்: "நம் பள்ளிக்குப் பெருமை. அனைவரும் பெற்றோருடன் கேளுங்கள்." மூன்று ரோஜாப்பூ.

பிரவின்: "அடிச்சா பாரு ககாப்ப."

சிரிக்கும் முகங்கள். எண்ணவில்லை, உருட்டிக்கொண்டே போனேன். யாரோ: "எளுதுனது இவளா? எல்லாம் கௌசி எளுத்துதானே?" அதன் கீழேயும் சிரிக்கும் முகங்கள்.

அந்தக் குழுவில் கௌசி இல்லை. அவள் அம்மா இருக்கிறார்.

அம்மாவிடம் காட்டினேன். முழுதும் கேட்டார். "உன் குரல் கணீர்னு இருக்கு" என்றார். சற்று நேரம் கழித்து, "அவ அம்மா முகத்துல நான் எப்படி முழிக்கறது?" மறுபடி கொஞ்ச நேரம் கழித்து, "என் பேரு எங்க வருது? முழு எபிசோட்லயா?"

மணி ஏழு. சமையலறைக்குப் போனேன். எதிரே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கௌசியும் அவள் அம்மாவும் அடுப்புப் பக்கத்தில் நின்றிருந்தார்கள், இருவர் தலைக்கும் நடுவில் கைத்தொலைபேசி. கௌசியின் அம்மா வாயைக் கையால் மூடியிருந்தார். கௌசி நேராக நின்று கேட்டாள், ஒத்திகையில் என் பதிலைக் கேட்பதுபோல், தலையைச் சாய்த்து. கேட்டு முடிந்ததும் விரலால் ஒரு தடவை தொட்டாள். மறுபடி போடுகிறாள் என்று தெரிந்தது.

என் விளக்கை அணைத்துப் போட்டேன். ஒரு தடவை. இரண்டு தடவை.

நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள், நேற்றுக் கணக்கு காட்டியபோது பார்த்ததுபோல் சாதாரணமாக. சன்னல் பக்கம் வந்தாள். உதடு அசைந்தது. நீண்ட நேரம் அசைந்தது, ஒரே எழுத்தில் மாட்டிக்கொண்டு. என்ன எழுத்து என்று இவ்வளவு தூரத்தில் தெரியவில்லை. அவள் அம்மா அவள் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

கௌசியின் கை சுவிட்சுக்குப் போனது. எதிர்வீடு இருண்டது. இது ஒன்று என்று எண்ணிக்கொண்டு, மறுபடி எரிவதற்காக நின்றேன். எங்கள் வீட்டில் எதையோ தாளிக்கும் வாசம் வந்து, அம்மா சாப்பிடக் கூப்பிட்டு, இரண்டாம் தடவையும் கூப்பிட்டு, இப்போது இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் விளக்கை அணைத்தாள். போடவில்லை.